அப்பாதுரை போட்ட முடிச்சுகள்

பம்மல் அப்பாதுரைக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். வேறு எந்தப் பிழைப்பாக இருந்தாலும் ஒப்பேற்றியிருக்கலாம். மனுஷன் பார்த்ததோ கார்களுக்கு வயரிங் வேலை. ரயில்வேயில் கலாசி வேலை கிடைக்கவிருந்த நேரத்தில், டாக்டர் நீட்டிய புத்தகத்தில் கலர் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண் ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அதோடு அந்த வேலை போயிற்று. விஷயத்தை வெளியே விடாமல் தாம்பரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் சேர்ந்தார். 1984-ல் ஒரு வேனின் சிவப்பு வயரைப் பச்சையோடு முறுக்கிவைத்தார். டாஷ்போர்டிலிருந்து புகை கிளம்பியது. கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அங்கிருந்தும் அனுப்பினார்கள்.

பத்து நாள் வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தார். அவர் மனைவி ஜெயசீலிக்குப் பக்கத்தில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. பத்தாம் நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாத்துக்கு இப்டி கெடக்கற? தொட்டில ஊறுற தோலுக்கு கலர் இன்னா கீது? எல்லாம் ஒரே மாதிரிதான் கீது. எது யாரோட தோலுன்னு ஓரத்துல வெட்டு போட்டு வெச்சுக்குவோம். ஒரு வெட்டு, ரெண்டு வெட்டு. கைய வெச்சாலே தெரியும். நீயும் வயர்ல முடிச்சு போட்டுக்கயேன்."

அப்பாதுரை எழுந்து உட்கார்ந்தார். அடுத்த மாதமே சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டார். பல்பு வைத்து ஒவ்வொரு வயரையும் சோதிப்பார். எது எங்கே போகிறது என்று தெரிந்ததும் நூலால் முடிச்சுப் போடுவார். இடது விளக்குக்கு ஒன்று, வலதுக்கு இரண்டு, ஹார்னுக்கு மூன்று. தொண்ணூற்றேழில் கொட்டகையைப் பிரிக்கும்வரை அதுதான் அவர் முறை. இதெல்லாம் என்னய்யா என்று யாராவது கேட்டால், "தொழில் ரகசியம்" என்று மீசையை நீவிக்கொள்வார். அப்போதெல்லாம் ஜெயசீலியைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் பெருமை வரும்போது பங்கு போட மனசு வராது.

1988-ல் செம்பாக்கத்திலிருந்து சாம்பசிவன் என்கிற பேங்க் ஆபீசர் தன் அப்பா காலத்து லேண்ட்மாஸ்டர் காரைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். காரோ, ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் தானாக ஹார்ன் அலறியது. இடதுக்குச் சுவிட்சைத் திருப்பினால் வலது விளக்கு கண் சிமிட்டியது.

அந்தக் காரில் சுவிட்சும் ஹார்ன் பட்டனும் ஸ்டீயரிங் நடுவில் இருக்கும். வயர்கள் ஸ்டீயரிங் தண்டுக்குள் ஒரு மெல்லிய குழாய் வழியாக இறங்கி அடியில் வெளியே வரும். தண்டின் அடியிலுள்ள கியர்ப் பெட்டியின் ஆயில் முப்பது வருஷமாக ஊறி, நாலு வயரும் கன்னங்கரேலென்று கிடந்தன. நிறத்தை நம்பிய இரண்டு மெக்கானிக்குகள் இடதையும் வலதையும் மாற்றி இணைத்து, கையைப் பிசைந்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பாதுரைக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. இந்தக் காருக்கு முன்னால் எல்லோரும் அவரைப் போலத்தான்.

வண்டிக்கடியில் படுத்து, மேலே சுவிட்சைத் திருப்பித் திருப்பி, கீழே பல்பு எரிகிறதா என்று பார்த்து இடது, வலது, ஹார்ன், கரண்ட் வரும் வயர் என்று நாலையும் கண்டுபிடித்தார். ஹார்ன் வயர் உரிந்துபோய், ஸ்டீயரிங் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் குழாயில் உரசியிருக்கிறது. பழைய வயர்களின் நுனியில் புது வயர்களைக் கட்டிப் பதமாக இழுத்தார். ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் முடிச்சு.

சாம்பசிவன் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"இடதுக்குப் பச்சை, வலதுக்குச் சிவப்புன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேப்பா! மாத்திப் போட்டிருக்கியே. சரி, சீக்கிரம் அந்தச் சிவப்பைக் கழட்டு."

அப்பாதுரையின் கை இரண்டு வயருக்கும் நடுவில் நின்றது. எதைத் தொடுவது? தப்பாகத் தொட்டால் குட்டு உடைந்துவிடும். கலர் தெரியாதவன் வயரிங் பார்க்கிறான் என்று தாம்பரம் முழுக்கத் தெரிந்தால் கொட்டகைக்கு ஒரு வண்டி வராது. இந்தக் காருக்கு இந்தக் கலர்தான் சரி என்று ஒரு பொய் நாக்குவரை வந்தது. ஆனாலும் கை நகரவில்லையே.

"எனக்கு செவப்பு எது, பச்சை எதுன்னு தெரியாது சார்" என்றார். "முடிச்ச எண்ணித்தான் வேலை பாக்கறேன்."

சாம்பசிவன் நிமிர்ந்தார். காரில் ஏறி இடது, வலது, ஹார்ன் மூன்றையும் போட்டுப் பார்த்தார். ஸ்டீயரிங்கை இடது கோடிவரை ஒடித்தார். சத்தமில்லை. இறங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வயர்களை விரலால் தடவினார்.

"ஒண்ணு, இடது. ரெண்டு, வலது. மூணு, ஹார்ன்." கண்ணைத் திறந்தார். "இருட்டுல ரிப்பேர் ஆனாக்கூட நானே பார்த்துக்கலாம் போலிருக்கே. கலர் இப்படியே இருக்கட்டும்ப்பா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்ன மூளைய்யா உனக்கு!"

வழக்கமாக மீசையை நீவுகிற இடம் இது. அன்று அப்பாதுரைக்கு அது முடியவில்லை.

"என் மூளை இல்ல சார். எங்க வூட்டுக்காரி சொன்னது. தோல் ஷெட்ல கீது."

"அவங்களால இத்தனை வண்டி ஓடுதுன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

அப்பாதுரை தலையைச் சொறிந்தார்.

அன்று சாயந்திரம் கொட்டகையைச் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷெட் வாசலில் போய் நின்றார். ஒரு நாளும் அங்கே வந்தவரில்லை. வேலை முடிந்து பெண்கள் கும்பலாக வந்தார்கள். புருஷனைப் பார்த்ததும் ஜெயசீலி பதறி ஓடி வந்தாள்.

"இன்னாய்யா? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. செம்பாக்கத்தார் கார் சரியா பூடுச்சு." சைக்கிளை ஸ்டாண்டில் போட்டார். பெண்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். "நாலு வருஷமா நான் சோறு துன்றதே உன் புத்தியாலதான் ஜெயசீலி. எல்லார்கிட்டயும் என்னுதுன்னு சொல்லிகினு திரிஞ்சேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும். நீயா வந்து சொல்லுவியான்னுதான் பாத்துகினே இருந்தேன்" என்றாள்.