உப்புத்தாள் பிடித்த அக்கா

ரயில் நிலையத்துக்குப் பின்னால், வண்டி எதுவும் வராத ஒரு தண்டவாளத்தின் கடைசியில் எங்கள் கொட்டகை இருக்கிறது. உள்ளே மரத்தாலான பழைய ரயில் பெட்டிகள் நிற்கின்றன. அவற்றைச் சம்பளம் இல்லாமல் பழுதுபார்க்கிற கூட்டம் நாங்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற போர்மேன்தான் எங்களுக்குத் தலைவர். நான் தபால் பிரித்துக் காலம் கழித்தவன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருந்தால் மனைவிக்கு இடைஞ்சல் என்று இங்கே வந்து சேர்ந்தேன்.

கத்தரி அண்ணன் சலூன்காரர். கடைக்கு விடுமுறை விடும் நாளில் வருவார். வாய் ஓயாது. "துண்டைக் கழுத்துல கட்டிட்டா எதிராளி எந்திரிச்சுப் போக முடியாதுல்ல, அப்படியே பேசிப் பழகிட்டாரு" என்பார் போர்மேன். ஆனால் பெட்டியின் பழைய பெயின்டைச் சுரண்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "தாடி எடுக்கிற மாதிரிதான். மேலேருந்து கீழ, தோல் கிழியாம" என்று சொல்லிக்கொண்டே பச்சை, அதற்கடியில் பழுப்பு, அதற்கும் அடியில் வெள்ளை என்று உரித்து, கடைசியில் தேக்கின் நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார்.

அவ்வளவு பேசுகிற மனிதர் வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் அவர் தோளைப் பிடித்தபடி ஒரு பெண் கொட்டகைக்குள் வந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

"இவருக்கு இங்க ஒரு சின்ன வீடு இருக்குன்னு கேள்விப்பட்டேன். அவ எப்படி இருக்கான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் அண்ணனின் மனைவியான அந்த அக்கா. எங்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "பாக்கத்தான் முடியாது. தொட்டுப் பாக்கலாம்ல?"

அக்கா ஒரு திரையரங்கில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் பல வருஷம் உட்கார்ந்திருந்தவர். ஊரில் பாதிப் பேரின் முகம் அவருக்குத் தெரியும். கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வெளிச்சம், இருட்டு என்ற இரண்டு மட்டும் மிஞ்சியது. அதோடு வேலையை விட்டார். வெளியே போவதையும் விட்டார். ஒரே மகள் வேறு ஊரில் இருந்தாள். வீட்டில் எல்லாமே அண்ணன்தான். தண்ணீர் டம்ளரைக்கூட அக்காவின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிடுவார்.

அன்று அக்கா பெட்டிக்குள் ஏறி, இருக்கையின் கை, கதவின் பிடி, ஜன்னல் சட்டம் என்று தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, "இங்க யாரு தேய்ச்சது? பாதியிலயே டீ குடிக்கப் போயிட்டாங்க போல" என்றார். நான்தான் தேய்த்தேன். டீ குடிக்கத்தான் போயிருந்தேன்.

போர்மேன் சிரித்துக்கொண்டே அக்காவின் கையில் ஓர் உப்புத்தாளைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அண்ணனோடு அக்காவும் வந்தார். மரம் தேய்ப்பது பொறுமையான வேலை. முரட்டுத் தாளில் தொடங்கி மெல்லிய தாளில் முடிக்க வேண்டும். அக்காவின் விரல் போகிற இடமெல்லாம் வழுவழுவென்று ஆனது. தவறும் நடந்தது. நாங்கள் வார்னிஷ் அடித்து முடித்து, பெருமையோடு காயவைத்திருந்த ஒரு கதவைப் பழைய கதவு என்று நினைத்து, பாதிவரை சுரண்டிவிட்டார். யாரும் மூச்சு விடவில்லை. "என்ன, எல்லாரும் அமைதியாயிட்டீங்க? எதையோ கெடுத்துட்டேன், அப்படித்தானே?" என்று கேட்டார். போர்மேன் உள்ளதைச் சொன்னார். அக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. ஏறி இறங்குவதற்குப் படியாக வைத்திருந்த மரமேடையை யாரோ ஒரு வேலைக்காக நகர்த்தியிருந்தார்கள். அக்கா வழக்கம்போலக் காலை வைத்தார், அங்கே ஒன்றுமில்லை. விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

அவரைத் தூக்கி உட்காரவைத்தபோது, கத்தரி அண்ணன் எங்களைப் பார்த்துக் கத்தினார். "உங்களுக்கெல்லாம் கண்ணு நல்லாத்தானே இருக்கு? எதை எங்க வைக்கிறதுன்னு பாக்கக் கூடாதா?"

போர்மேன் ஆட்டோ கூப்பிட வெளியே ஓடினார்.

அதன் பிறகு இருவருமே வரவில்லை. நானும் போர்மேனும் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மாடியில் சிறிய வீடு. காலில் இடறும் என்று நடுக்கூடத்தில் இருந்த மேஜை, பாய், பூச்சாடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார் அண்ணன். காலி அறையின் நடுவே, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலிக்கிறதா என்று நாங்கள் அக்காவைக் கேட்டால் அண்ணன் பதில் சொன்னார். தூக்கம் வருகிறதா என்று கேட்டால் அதற்கும் அவர்தான்.

"அவ இனிமே அங்க வரமாட்டா" என்றார் முடிவாக.

"அதை அவங்க வாயால சொல்லட்டுமே" என்றார் போர்மேன்.

அக்கா மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் புறப்படும்போது, "நான் பாதி தேய்ச்ச அந்தக் கடைசி ஜன்னல் சட்டம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு அக்கா" என்றேன்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு, ஒரு முற்பகலில் கொட்டகை வாசலில் நிழலாடியது. நிமிர்ந்து பார்த்தேன். மடக்கிய குடையால் தரையைத் தட்டிக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு அக்கா தனியாக வந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, எப்படி வந்தீங்க?" என்று ஓடினேன்.

"நடந்துதான். வழியில ரெண்டு பேர் மேல முட்டிக்கிட்டேன். ஒருத்தர் மன்னிப்புக் கேட்டாரு. இன்னொண்ணு விளக்குக் கம்பம்."

வலது கையில் இன்னும் பிடி வரவில்லை. கடைசி ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து, இடது கையால் தேய்க்கத் தொடங்கினார்.

சிறிது நேரத்தில் கத்தரி அண்ணன் ஓடிவந்தார். உங்கள் வீட்டம்மா தெருவில் தனியாகப் போகிறார் என்று யாரோ கடைக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். கையில் சீப்பு அப்படியே இருந்தது. அவருக்குப் பின்னாலேயே, பாதி முகத்தில் சோப்பு நுரையும் கழுத்தில் துண்டுமாக ஒரு மனிதர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

அண்ணன் பெட்டிக்கு வெளியே, ஜன்னலுக்கு நேராக நின்றார். உள்ளே போகவில்லை.

"நீங்கதானே? மூச்சு இப்படி வாங்குது" என்றார் அக்கா.

"சொல்லிட்டு வந்திருக்கலாம்ல."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவர் சீப்பை மறு கைக்கு மாற்றினார். பிறகு, "ரோட்டுல வண்டி போகுது" என்றார்.

"போச்சு. சத்தம் கேட்டு நின்னேன். அப்புறம் வந்தேன்."

"மறுபடியும் விழுந்திருந்தா?"

"விழுந்தா எந்திரிப்பேன். வீட்டுலயும்தான் அந்த நாற்காலியில இடிச்சுக்கறேன். உங்ககிட்ட சொல்றதில்ல. சொன்னா அதையும் தூக்கி வெளிய வச்சிடுவீங்க. அப்புறம் உக்கார ஒண்ணும் இருக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அக்கா தேய்ப்பதை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்க கையப் புடிச்சுக்கிட்டு நடக்கறது எனக்குப் புடிக்கும்ங்க. ஆனா எந்நேரமும் புடிச்சுக்கிட்டே இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. உங்களுக்கும் முட்டும். உங்களுக்குச் சொல்லத் தெரியல."

கத்தரி அண்ணன் பெட்டியின் படியில் உட்கார்ந்து, சீப்புப் பிடித்த கையால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி வேலை இருப்பதுபோல் நின்றோம்.

நுரைக்காரர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "அண்ணே, மீதியை எப்போ எடுப்பீங்க?"

முதலில் சிரித்தது அக்கா. பிறகு அண்ணனும் சிரித்துவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவரு கணக்கை முடிச்சிட்டு வர்றேன். மத்தியானம் சேர்ந்து போகலாமா?" என்று கேட்டார். அவர் அக்காவிடம் அப்படிக் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

"போகலாம்" என்றார் அக்கா.

மறுநாளிலிருந்து அக்கா தானாகவே வந்தார். கொஞ்ச நாள் அண்ணன் சத்தமில்லாமல் பின்தொடர்ந்தார். ஒரு திருப்பத்தில் அக்கா நின்று, "செருப்பை மாத்துனா எனக்குத் தெரியாதா? போய்க் கடையைத் திறங்க" என்றிருக்கிறார். அதோடு அதுவும் நின்றது. மரமேடையை மட்டும் அண்ணன் இரும்புப் பட்டை போட்டுத் தரையோடு முடுக்கிவிட்டார். இனி நாங்கள் நினைத்தாலும் அது நகராது.

பெட்டி தயாராக அதற்கு மேலும் ஒரு வருஷம் பிடித்தது. சின்ன இன்ஜின் ஒன்றைக் கடன் வாங்கி, அடுத்த நிலையம்வரை ஓட்டிப் பார்த்தோம். அதற்குள் அக்காவுக்கு வெளிச்சம்கூடத் தெரியாமல் போயிருந்தது. கடைசி ஜன்னலோரத்தில் அவர் உட்கார, பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். மரம் வருகிறது, குளம் வருகிறது, ஒரு பெண் துணி காயப்போடுகிறாள், கை காட்டுகிறாள், நீயும் காட்டு.

அக்கா கை காட்டினார். பிறகு, "கொஞ்ச நேரம் சும்மா இருங்க. சக்கரச் சத்தம் கேக்கணும்" என்றார்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். பாலம் வந்தது, சத்தம் கனத்து, மறுபடி லேசானது. அக்கா சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு தோளால் அவரை மெல்ல இடித்தார்.

"ம், இப்ப சொல்லுங்க."