கால்வாசி கழித்தது போக

கேண்டீன்காரரிடம் ஒரு கணக்கு உண்டு. அவர் வேலை பார்க்கும் அலுவலகக் கட்டடத்தில், மதியம் இத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று மேல்மாடியிலிருந்து சொல்லி அனுப்புவார்கள். அவர் அதில் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பார். "ஒருத்தன் மீட்டிங்ல மாட்டிக்குவான். ஒருத்திக்கு வயிறு சரியிருக்காது. இன்னொருத்தன் பொண்டாட்டிக்குப் பயந்து டப்பா கொண்டு வந்திருப்பான். நமக்குத் தெரியாதா?" என்பார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கழிவு வாளியை எட்டிப் பார்ப்பார். வாளியின் அடி தெரிந்தால் அன்று முழுக்க முகத்தில் ஒரு களை. ஒரு பருக்கையை வீணாக்காத மனிதர் என்று கட்டடம் முழுக்கப் பேர். வீட்டில் வைத்த பேர் தராசு.

மனைவியின் தம்பி ஒருநாள், கூடாரத்தையும் பையையும் முதுகில் போட்டுக்கொண்டு நாலைந்து நாள் மலைப்பாதையில் நடந்துவிட்டு வரலாம் என்று கிளப்பிவிட்டான். வழியில் கடையே கிடையாது, சுமந்து போவதைத்தான் தின்றாக வேண்டும் என்றான். சாப்பாட்டுப் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

கூடத்துத் தரையில் பழைய போர்வையை விரித்து, ஓட்ஸ், அரிசி, பருப்பு, பால் பவுடர், சூப் பொட்டலம், கடலை, உலர்ந்த திராட்சை எல்லாவற்றையும் குவித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆள் நாலு: அவர், மனைவி, மைத்துனன், கொழுந்தியாள். ஒவ்வொருவர் வயிறும் அவருக்கு அத்துப்படி. மனைவி சோற்றில் பாதியை ஒதுக்கிவைப்பவள். கொழுந்தியாள் எப்போதும் ஏதாவது டயட்டில் இருப்பவள். மைத்துனனுக்குக் காலைச் சாப்பாடு என்று ஒன்று இருப்பதே தெரியாது, எழுந்திருப்பதே மதியம். ஆகவே ஆளாளுக்குப் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். கடைசியில் பழக்க தோஷத்தில், மொத்தத்தில் இன்னொரு கால்வாசியையும் கழித்தார். நாளுக்கொன்றாகப் பைகளைக் கட்டி வரிசையாக நிறுத்தியபோது அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

கொழுந்தியாள் சும்மா இருக்கவில்லை. கிளம்புகிற அன்று காலை தன் பைக்குள் பிஸ்கட் பாக்கெட்டுகளையும் ரொட்டியையும் திணித்துக்கொண்டிருந்தாள். அவர் கையும் களவுமாகப் பிடித்தார்.

"ஏம்மா, மலை ஏறப் போறோமா, இல்ல மேல போய்க் கடை வைக்கப் போறோமா?"

"மாமா, பசிச்சா?"

"பசிக்காது. நான் கணக்குப் போட்டிருக்கேன்."

"தராசு மாமா கணக்குல பசிக்கே இடமில்லையாம் அக்கா, கேட்டுக்கோ" என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே அத்தனையையும் உருவி சமையலறை மேடையில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினார்.

மலை அவர் கணக்கைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முதல்நாள் ஏற்றத்திலேயே எல்லோருக்கும் பசி குடலைப் பிடுங்கியது. சோற்றை ஒதுக்கும் மனைவி பாத்திரத்தை விரலால் வழித்தாள். காலையில் எழாத மைத்துனன் விடியும் முன்பே கூடாரத்துக்கு வெளியே கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். டயட்காரியோ, "இன்னும் கொஞ்சம் இருக்கா மாமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்பே கிண்ணத்தை நீட்டிவிட்டாள்.

இருக்கிறது என்றார் அவர். மறுநாளுக்கான பையைப் பிரித்து அதிலிருந்து எடுத்துப் போட்டார். மறுநாள், அதற்கடுத்த நாள் பையைப் பிரித்தார். அப்போதே வாயைத் திறந்திருந்தால் சிரித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அவருக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்டே பேர் வாங்கிய ஆள், நாலு பேருக்கு அளக்கத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? தான் மட்டும் அரைக்கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டு, "எனக்கு மலைக்காத்துல பசியே இல்ல" என்று ஏப்பம் வராத வயிற்றைத் தடவிக்காட்டினார். அதையும் எல்லோரும் நம்பினார்கள்.

பாதி வழி தாண்டிய அன்று மதியம் ஒரு ஓடையைக் கடக்கும்போது மைத்துனன் வழுக்கி, பையோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். இடுப்புக்குக் கீழே நனைந்ததோடு சரி. எழுப்பி நிறுத்தி, கொழுந்தியாள் வயிறு வலிக்கச் சிரிக்க, நடையைத் தொடர்ந்தார்கள்.

சாயங்காலம் வெயில் சரியும் முன்பே கூடாரம் போட்டார்கள். மனைவி அடுப்பை மூட்டிவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க, அந்த அரிசிப் பையைக் குடுங்க."

"இதோ."

"இது சூப்பு. அரிசி எங்க? பருப்பு எங்க?"

பைக்குள் கையை விட்டுத் துழாவுவதுபோல் துழாவினார். உள்ளே ஒரு சூப் பொட்டலமும் டீத்தூளும்தான் என்று அவர் கைக்குத் தெரியும். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர் வாயிலிருந்து வந்தது அவரே எதிர்பார்க்காத ஒன்று.

"அரிசிப் பையை மச்சான் பையிலதானே சொருகினேன்... மேல் பக்கத்துல. ஓடையில விழுந்தப்போ..."

முழுதாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சாவியைத் தொலைப்பவன், போனைத் தொலைப்பவன், ஒருமுறை வாடகை சைக்கிளையே தொலைத்தவன் மைத்துனன். எல்லோரும் உடனே நம்பினார்கள். கொடுமை என்னவென்றால், அவனும் நம்பினான்.

"அய்யோ. ஜிப் திறந்துதான் இருந்துச்சு மாமா. நான் பார்க்கவே இல்ல. மொத்தச் சாப்பாட்டையும் தண்ணியில விட்டுட்டேனா?" அவன் முகம் வெளிறிவிட்டது. "இருங்க, கல்லுல எங்கயாவது சிக்கிக்கிட்டு இருக்கும். ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"தனியாப் போகாதடா, சறுக்கும்" என்று அக்காக்காரி சொல்லி முடிப்பதற்குள் அவன் இறக்கத்தில் இறங்கிவிட்டான்.

கேண்டீன்காரர் அடுப்புக்கு முன்னால் குந்தி, டீக்குத் தண்ணீர் வைத்தார். கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும்போல் இருந்தது. கிடைக்காது, திரும்பி வந்துவிடுவான், விஷயம் முடிந்தது என்று தனக்குள் சொல்லிப்பார்த்தார். தண்ணீர் கொதித்தது. அவன் வரவில்லை. வழியில் உதிர்கல் சரிவு ஒன்று இருப்பதும், அதில் தானே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதும் நினைவுக்கு வந்தன. டீத்தூளைப் போட மறந்தவராக எழுந்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி.

"அவனைக் கூட்டிட்டு வர்றேன்."

ஓடையில் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கல் கல்லாகக் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான் மைத்துனன். சட்டைக்கை தோள்வரை நனைந்திருந்தது. விரல்கள் சிவந்து விறைத்திருந்தன.

"மச்சான், மேல வா."

"கொஞ்சம் இருங்க மாமா. இந்தப் பெரிய கல்லுக்குக் கீழ ஏதோ தட்டுப்படுது."

"வாடா மேல. அங்க ஒண்ணும் இல்ல."

"நீங்க எதுக்கு வந்தீங்க? தப்பு என்னுது. நானே தேடிக்கறேன்."

'தப்பு என்னுது' என்ற சொல் அவரைக் கரையிலேயே உட்காரவைத்துவிட்டது.

"பையே இல்லடா," என்றார். "அரிசி, பருப்பு எல்லாம் நேத்தே தீர்ந்துபோச்சு. நான்தான் கம்மியா எடுத்துட்டு வந்தேன். உன் பையில எதையும் வைக்கல."

அவன் தண்ணீரிலிருந்து கையை எடுத்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவன் கரையேறி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஈரக்காலில் காலுறையை மெதுவாக இழுத்து மாட்டினான்.

"அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

சொன்னார். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். கொழுந்தியாள் கேலிக்கு வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் கேலி செய்யாமல் விட்டதுதான் அவரை இன்னும் சிறுக்கவைத்தது. மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவன் தண்ணியில நின்னுக்கிட்டு இருந்தப்போ நீங்க டீ போட்டுக்கிட்டு இருந்தீங்க, இல்ல?"

அவர் அடுப்பை அணைத்தார்.

கீழே ஏரிக்கரையில் வேறு யாரோ இரண்டு கூடாரம் போட்டிருந்தார்கள். போய்க் கேட்பதைத் தவிர வழியில்லை என்பதும், யார் போக வேண்டும் என்பதும் யாரும் சொல்லாமலே தெரிந்தது. அவர் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். காலியான பாத்திரம் நடக்க நடக்க மூடியோடு இடித்துச் சத்தம் போட்டது. மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடி கேட்டது. மைத்துனன். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை, வந்தான், அவ்வளவுதான்.

கூடார வாசலில் ஒரு நடுவயது அம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இவர் கையிலிருந்ததைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"அடடா, என்னங்க ஆச்சு? ராத்திரி ஏதாவது மிருகம் வந்து பையைக் கிழிச்சிடுச்சா? போன தடவை எங்களுக்கும் அப்படித்தான்."

இதோ, இன்னொரு சாக்கு. கையில் கொண்டுவந்து கொடுத்தாற்போல. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பக்கத்தில் மைத்துனன் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லைங்கம்மா," என்றார் கேண்டீன்காரர். காது மடல் கொதித்தது. "மிருகமெல்லாம் வரல. சாப்பாடு எடுத்து வெச்சது நான்தான். குறைச்சு எடுத்து வெச்சுட்டேன்."

"அதுக்கென்ன, முதல் தடவையா சமையல் பக்கம் வர்றீங்க போல," என்று அந்த அம்மாள் அன்பாகச் சிரித்துவிட்டு அரிசியை அள்ளினார். "எத்தனை பேருக்கு?"

மைத்துனனுக்குச் சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. இருமுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

பாத்திரம் நிறைந்தது. திரும்பி ஏறும்போது அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான் மைத்துனன். பிறகு என்ன நினைத்தானோ, நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம் மாமா, நீங்களே தூக்கிட்டு வாங்க. நான் தூக்கினா, வழியில கொட்டிட்டேன்னு யார் சொன்னாலும் எல்லாரும் நம்பிடுவாங்க."

அவர் பாத்திரத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் ஏறினார்.