வரிசையில் கிடந்த செய்திகள்

தென்காசிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தத் திமிர் அடங்காமல், குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவருக்கு அறை முன்பதிவுத் தளம் எழுதிக் கொடுத்தேன்.

இணையதளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கும் வெப் ஃபிரேம்வொர்க் ஒன்றில்தான் எழுதினேன். செய்தி அனுப்பும் பட்டனை அழுத்தினால், அறை பதிவு செய்த எல்லோருக்கும் குறுஞ்செய்தி போய் முடியும்வரை பக்கம் அசையாமல் நின்றது. அதனால் பின்னணி வேலைச் சேவை ஒன்றை இணைத்தேன். தளம் செய்தியை வரிசையில் போட்டுவிடும். தனியாக ஓடும் இன்னொரு நிரல் அதை எடுத்து அனுப்பும். வரிசையில் போட்டதுமே திரையில் ‘அனுப்பியாயிற்று’ என்று காட்டும்படி எழுதிய அறிவாளியும் நான்தான்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கேட்டாள்: “சார், அந்த இன்னொண்ணு நின்னுபோச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?”

“அது நிக்காதும்மா. நீ பட்டனை மட்டும் அமுக்கு.”

லாட்ஜ் கணினியில்தான் எல்லாம் ஓடியது. கரண்ட் போய் வந்தால் தளம் தானாக எழும், அந்த நிரல் எழாது. எழுப்புவதற்கு ஒரு வரி போதும். சோம்பலில் விட்டுவிட்டேன்.

சாரல் சீசனில் ஒருநாள் காலையில் கரண்ட் போய் வந்தது. அதன்பின் மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. ‘இன்று வரவேண்டாம், தேதி மாற்றித் தருகிறோம்’ என்ற செய்தியை அவள் அனுப்பினாள். மத்தியானம் திருவேங்கடத்திலிருந்து, அறை பதிவு செய்தவர்களோடு இரண்டு வேன் வந்து நின்றது. அண்ணாச்சி போன் போட்டு என்னையும் வரவழைத்தார்.

“ஏட்டி, அமுக்குனியா இல்லியா?” அண்ணாச்சி கத்தினார்.

“அமுக்குனேன் அண்ணாச்சி. அனுப்பியாச்சுன்னு வந்துச்சே.”

“அப்ப இவ்வோ எல்லாம் அருவியைப் படம் புடிக்கவா வந்திருக்காவ?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நிரல் காலையிலிருந்தே செத்துக் கிடப்பதை நான் அதற்குள் கண்டுபிடித்திருந்தேன்.

“சரியா அழுத்தியிருக்க மாட்டா” என்றேன்.

சொல்லிவிட்டு, பட்டனைச் சரிபார்ப்பதுபோல் உட்கார்ந்து நிரலை ஓடவிட்டேன். காலையில் அவள் அனுப்பிய செய்தி, வந்திருந்தவர்கள் போன்களில் ஒவ்வொன்றாக ஒலித்தது. “இப்பத்தான் வரவேண்டாம்ங்கான்!” என்று வேன்காரர்கள் சிரித்தார்கள்.

“பாத்தியா, சார் கை வச்சதும் போவுது” என்றார் அண்ணாச்சி. “நீ நாளையிலேருந்து வராண்டாம்.”

தன் செய்தி இவ்வளவு நேரமும் வரிசையில் கிடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பேனா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நான் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அந்த ஒரு வரியை எழுதினேன். ‘அனுப்பியாயிற்று’ என்பதை ‘வரிசையில் உள்ளது’ என்று மாற்றினேன். அண்ணாச்சியிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் எனக்குச் சால்வை போர்த்தினார், வாங்கிக்கொண்டேன்.

அவள் இப்போது செங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். போன மாதம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே போகத் துணிவில்லாமல் எதிர்ச்சாரியில் நடந்து பஸ் ஏறினேன்.