முதலாளி வைத்த ஐந்து கிண்ணங்கள்

என் அண்ணன் மனைவிக்கு எங்கள் சாஸ் பட்டறையில் பெயர் 'நாக்கு'. அவள் படியேறும்போதே, "நாக்கு வந்தாச்சு" என்று பாட்டில் கழுவுகிறவர்கள் குரல் கொடுப்பார்கள். அண்ணியும் ஒரு காலத்தில் அங்கே பாட்டில் கழுவியவள்தான். ஒருநாள் கழுவ வந்த கரண்டியை நக்கிப் பார்த்து, "நேத்தைவிட இன்னிக்குக் காரம் கம்மி" என்றாள். முதலாளி சிரித்தார். அப்புறம் மிளகாய் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார், காரமில்லாத வேறு ரகம் வந்திருந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து எந்த சாஸுக்கு என்ன எண் என்று சொல்வது அவள் வேலை. ஒன்று என்றால் குழந்தைகூடத் தொட்டுச் சாப்பிடலாம். ஐந்து என்றால் காது வழியாகப் புகை வரும். அவள் சொல்லும் எண்ணைப் பாட்டிலில் ஒட்டுவது என் வேலை.

காலையில் காரம் பட்ட நாக்கு மதியம்வரை உதவாது. ருசி பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் அண்ணிக்கு ஒரு பைத்தியம் உண்டு. அன்னாசியும் பழுத்த மிளகாயும் போட்டு வீட்டில் சொந்தமாக ஒரு சாஸ் கிண்டிக்கொண்டே இருப்பாள். ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் அது ஒருவழியாகக் கைகூடியது. சந்தோஷத்தில் ஆறு கரண்டி ருசி பார்த்துவிட்டு நேரே வேலைக்கு வந்தாள்.

புது அண்டாவைத் தொட்டு நக்கி, "ரெண்டு" என்றாள். முந்நூறு பாட்டிலில் இரண்டு என்று ஒட்டினேன். மதியம் அதே சாஸை இன்னொரு சொட்டு தொட்டவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இது நாலுடி!"

பாட்டில்களை ஏற்றிப் போக வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது.

"பேசாம இருங்க அண்ணி. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன்.

"ரெண்டுதானேன்னு எவளாவது புள்ளைக்கு ஊட்டுவா. அவளுக்குத் தெரியும்" என்றவள் முதலாளி அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

முதலாளி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். வண்டி வெறுமனே திரும்பிப் போனது. "நாளையிலேருந்து பாட்டில் கழுவு. உன் நாக்கை நம்பினது போதும்" என்றார். சாயங்காலம் வரை நானும் அண்ணியும் வெந்நீரில் லேபிள் உரித்தோம். நான் மூக்கால் அழுதேன். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அவள் கழுவும் தொட்டிப் பக்கமே போகவில்லை. முதலாளியின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"செஞ்சது தப்பு. திட்டினீங்க, வாங்கிக்கிட்டேன். இப்ப சோதிச்சுப் பாருங்க. அஞ்சு கிண்ணம் வைங்க, எது எதுன்னு சொல்லாதீங்க. ஒண்ணு தப்பினாலும் நானே தொட்டிக்குப் போறேன்."

முதலாளி உள்ளே போய் ஐந்து கிண்ணங்களோடு வந்தார். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் கூடிவிட்டோம். அண்ணி முதலில் முகர்ந்து பார்த்துக் கிண்ணங்களை வரிசை மாற்றினாள். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டு நக்கி, நடுநடுவே காரம் தணிய உப்பில்லாத அவித்த உருளைக்கிழங்கைக் கடித்துக்கொண்டாள். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"ஒண்ணு, ரெண்டு, நாலு" என்று மூன்றைத் தள்ளி வைத்தாள். மீதி இரண்டையும் மறுபடி தொட்டாள். "இது ரெண்டும் ஒரே அண்டா. ரெண்டுமே மூணு. அஞ்சாம் நம்பரை நீங்க வைக்கவே இல்ல."

முதலாளி அசடு வழிந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, கைதட்டிவிட்டேன். "சரி, போய் வேலையைப் பாரும்மா" என்றார் அவர்.

அண்ணி நகரவில்லை. "தினமும் காலையில இப்படி வைங்க. தப்பினா அன்னிக்கு நான் எந்த அண்டாவையும் தொட மாட்டேன்."

இப்போதும் தினமும் கிண்ணம் வைக்கிறார். தினமும் ஏமாற்றப் பார்க்கிறார். இரண்டு முறை அண்ணி தவறியிருக்கிறாள். இரண்டு நாளும் யாரும் சொல்லாமலே தொட்டிக்குப் போய்ப் பாட்டில் கழுவினாள். அந்த இரண்டு நாளும் முதலாளி வண்டியை வரவே சொல்லவில்லை.