சிறுமலை இறக்கத்தில் ஏறிய சார்ஜ்

1. கயிறு கட்டி வந்த வண்டி

எங்கள் மின்சார லாரி முதல் ஓட்டத்தை முடித்துப் பட்டறைக்குத் திரும்பியது ஒரு டீசல் லாரியின் பின்னால், கயிறு கட்டி. திண்டுக்கல் பைபாஸில் எதிர் டீக்கடை டிரைவர்கள் கிளாஸும் கையுமாக வெளியே வந்து பார்த்தார்கள்.

"என்னண்ணே, அரசாங்க வண்டிக்கு வயிறு காஞ்சுருச்சா?" என்றான் முத்து என்ற டிரைவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் லாரி வயரிங் மெக்கானிக். புகை விடாத, செலவு குறைந்த கனரக வண்டிகளை உருவாக்குவதற்கு அரசு உதவி தருகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு இன்ஜினியரிங் கல்லூரியும் என் பட்டறையும் சேர்ந்து விண்ணப்பித்தோம். கிடைத்தது! மோட்டாரும் பேட்டரியும் வந்து இறங்கிய அன்று புது மாப்பிள்ளை மாதிரி திரிந்தேன். ஒரு பழைய லாரியின் இன்ஜினைக் கழற்றி அவற்றை ஏற்றினோம். கியர்பாக்ஸ் மட்டும் பழையதே.

அரசுத் தரப்பு நிபந்தனை ஒன்றுதான். வண்டி காலியாகச் சிறுமலை ஏறி, வாழைத்தார் லோடுடன் இறங்கி, பட்டறைக்கு வரும்போது பேட்டரியில் கால் பங்காவது மிச்சம் இருக்க வேண்டும். அதிகாரி கூடவே வந்து பார்ப்பார். தவறினால் அடுத்த கட்ட உதவி கிடையாது, வண்டி மூலையில் கிடந்து துருப்பிடிக்கும். அவர் வருவதற்கு முன் நாங்களே ஓட்டிப் பார்த்ததில்தான் இந்தக் கயிறு.

2. லைனிங் வாசனை

கல்லூரிப் பேராசிரியர் ரெஜினா மேடம் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே தலையில் கை வைத்தார்.

"லோடு வண்டி எறங்கும்போது சக்கரமே மோட்டாரைச் சுத்தணும் சார். மோட்டார் டைனமோ மாதிரி பேட்டரிக்குக் கரண்ட் குடுக்கும், பிரேக் வேலையையும் பாதி பாத்துக்கும். ஆனா இதுல பேருக்குத்தான் ஏதோ ஏறியிருக்கு!"

வயரிங் கோளாறு என்றால் பழி என் மேல். கேபிளைப் பார்க்கப் பின்சக்கரத்தருகே குனிந்தேன். பிரேக் லைனிங் கருகிய வாசனை மூக்கைத் துளைத்தது. மோட்டாரே பிடித்து நிறுத்தும் வண்டியில் லைனிங் ஏன் கருக வேண்டும்? டிரைவர் பெருமாளைக் கூப்பிட்டேன்.

"ஏப்பா, எறக்கத்துல எப்படி வந்த?"

"வளைவுல மட்டும் கியருண்ணே. நேர் ரோட்டுல நியூட்ரல் போட்டு, பிரேக்க மிதிச்சு மிதிச்சு வந்தேன். சார்ஜ மிச்சம் பிடிக்கணும்ல!"

எங்கள் பக்கம் டீசல் மிச்சம் பிடிக்கிற டிரைவருக்குத்தான் முதலாளிகளிடம் மதிப்பு. சரிவைக் கண்டால் கை தானாக நியூட்ரலுக்குப் போய்விடும். ஆனால் நியூட்ரலில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. பிறகு கரண்ட் எப்படி ஏறும்?

"லோடு வண்டிய மலையில நியூட்ரல்ல விட்டியே, உசுரு மேல ஆசையே இல்லையா ஒனக்கு?" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயரிங் சரியாக இருக்கிறது! மோட்டார் சரியாக இருக்கிறது! மேடம் லேப்டாப்பை மூடிவிட்டுக் கை தட்டினார்.

பெருமாள் முகம் மட்டும் வாடிவிட்டது. "அப்ப நாந்தான் கெடுத்தனா? கை கேக்காதுண்ணே. அதிகாரி வாரப்ப வேற ஆள ஏத்துங்க."

"அந்த மலைய ஒன்ன மாதிரி யாருக்குத் தெரியும்? நீதான் ஓட்டுற" என்று சொல்லிவிட்டேன்.

3. சிவப்புத் துண்டு

அதிகாரி வந்த அன்று, வண்டியை எடுப்பதற்கு முன் பெருமாள் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவிக் கியர் குமிழில் இறுக்கிக் கட்டினார்.

"இது எதுக்குப்பா?" என்றார் அதிகாரி.

"கைக்கு ஞாபகம் வரட்டும்னுதான் சார்."

ஏற்றத்தில் சத்தமே இல்லாமல் வண்டி ஏறியது. பேட்டரி மீட்டர் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. மேலே தார்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

முதல் நேர்ச்சரிவு வந்தது. பெருமாளின் இடது கை எழும்பிக் குமிழுக்குப் போனது. துண்டு பட்டதும் சுட்டதுபோல் ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. மீட்டரில் ஒரு எண் கூடியது.

"ஏறுதுண்ணே! ஏறுது!"

அதுவரை விறைப்பாக உட்கார்ந்திருந்த அதிகாரி டேஷ்போர்டுப் பக்கம் சாய்ந்தார். "இன்னொண்ணு! பாருங்க, இன்னொண்ணு ஏறிருச்சு!" அடிவாரம் வரும்வரை ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று பேரும் கேபினில் கூச்சல் போட்டோம். எதிரே பைக்கில் வந்தவர்கள் மிரண்டு ஒதுங்கினார்கள். அந்த ஓட்டம் மாதிரி ஒரு சந்தோஷம் என் இத்தனை வருட வேலையில் வேறு எதிலும் இல்லை.

டீக்கடையைத் தாண்டும்போது பெருமாள் விடாமல் ஹாரன் அடித்தார். பட்டறையில் நின்றபோது கால் பங்குக்கு மேலேயே சார்ஜ் இருந்தது. சாயங்காலத்துக்குள் துண்டுக் கதை டீக்கடை முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த கட்ட உதவி வந்தது. சரிவில் நியூட்ரல் போட்டால் கத்துகிற பஸ்ஸர் ஒன்றை அந்தப் பணத்தில் செய்தோம். டிரைவர்களுக்குப் பயிற்சியையும் திட்டத்தில் சேர்க்கச் சொன்னவர் அந்த அதிகாரிதான். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: புது வண்டி செய்யும்போது அதை ஓட்டப்போகிறவரின் கை எங்கே போகும் என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது வண்டியை ஓட்ட முன்வந்தது யார் தெரியுமா? வயிறு காய்ந்துவிட்டதா என்று கேட்ட அதே முத்து. பஸ்ஸர் எப்படி வேலை செய்கிறது என்று விலாவாரியாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

"அதெல்லாம் சரிண்ணே. துண்டு நான் கொண்டாரணுமா, நீங்களே தருவீகளா?"