லவான் ஸ்டக்கி ஊரறியச் சொன்ன வருமானம்

லவான் ஸ்டக்கி, மளிகைக்கடை ஆர்லின் டீட்ஸுக்கு அறுநூற்று நாற்பது டாலர் கடன்பட்டிருந்தாள். செருப்புத் தொழிற்சாலை மூடிய வருடம், புருஷனும் ஓடிப்போன நேரத்தில், மாவும் பாலும் கடனாக வாங்கி மூன்று பிள்ளைகளை வளர்த்த கணக்கு அது. பிறகு பழைய இயந்திரங்களைத் தன் கையாலேயே பழுதுபார்த்துச் சலவைக்கடை வைத்து நிமிர்ந்தாள். எட்டாவதோடு படிப்பை விட்டவள்! கான்சாஸ் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டாலும் இப்படி ஒருத்தி அகப்படமாட்டாள். கடனைத் திருப்பித் தர எத்தனையோ முறை போனாள். "எனக்கென்ன பஞ்சமா வந்துருச்சு? போம்மா" என்று ஆர்லின் கையை மூடிக்கொள்வான். கடையிலோ பாதி அலமாரி காலி.

பெர்ச் க்ரீக் என்கிற எங்கள் ஊரே அப்படித்தான். தொழிற்சாலையோடு பாதி ஜனம் போனது. வீறாப்பு மட்டும் இம்மியும் குறையவில்லை.

இதற்குள் ஊர்த் தண்ணீர்க் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. லவானின் கடையில் வெள்ளைச் சட்டை போட்டால் காவிச் சட்டை வெளியே வந்தது. வாடிக்கைக்காரர்கள் கழன்றார்கள். புதுக் குழாய் வராவிட்டால் கடைக்குப் பூட்டுதான். ஊர் ஏழை என்று தெரிந்தால்தான் அரசு குழாய்க்குப் பணம் தரும் என்று வீட்டுக்கு வீடு வருட வருமானம் எழுதி வாங்கினார்கள். ஆர்லின் எண்பதாயிரம் என்று எழுதினான். அவனுக்கு இளைத்தவனா நான் என்று ஆளாளுக்கு எழுபது, எழுபத்தைந்து என்று எழுதித் தள்ளினார்கள். அரசுப் பணம் வரவில்லை. காகிதத்தில் பணக்காரர்களாகி, வீட்டில் துருத்தண்ணீர் குடித்தோம்.

மறுவருடம் இன்னொரு வாய்ப்பு வந்தது. வருமானம் எழுதிய தாள்களை வாங்கிவரும் வேலையை லவான் கேட்டு வாங்கிக்கொண்டாள். போன வீட்டிலெல்லாம் ஒரே கேள்வி: "ஆர்லின் எவ்வளவு போட்டிருக்கான்?"

விறுவிறுவென்று காபிக்கடைக்குப் போனாள். காலையில் ஆண்பிள்ளைகள் கூடும் இடம் அது. ஆர்லினும் இருந்தான்.

"போன வருசம் எனக்கு வந்தது மொத்தமே பதினோராயிரம் டாலர். நல்லாக் கேட்டுக்கோங்க, பதினோராயிரம்!"

"மெதுவாப் பேசு லவான், மானம் போகுது" என்றான் ஆர்லின்.

"யாரு மானம்? உழைச்ச காசுக்கு என்ன வெக்கம்? என் புள்ளைங்க வயித்துல போனது உன் கடைச் சாப்பாடு. அதையும் சொல்றேன், எல்லாரும் கேக்கட்டும். அப்படிக் குடுத்த கை பொய் எழுதலாமா? இவனுங்க பூரா உன்னைப் பாத்துத்தானே காப்பியடிக்கிறானுங்க!"

கோதுமை விளைவிக்கும் வெஸ் வாயைத் திறந்தான். "நெசம்தான்யா. எழுபத்தஞ்சாயிரம் வந்திருந்தா நான் ஏன் இந்தக் கழனித்தண்ணியக் குடிக்கிறேன்?"

கடை குலுங்கிச் சிரித்தது. ஆர்லின் மட்டும் சிரிக்கவில்லை. லவான் கையிலிருந்த தன் தாளை இழுத்துக்கொண்டான். பிறகு பேனாவை வாங்கி, ஒன்பதாயிரம் என்று எழுதினான்.

"அடேங்கப்பா, என்னையே முந்திட்டியே!" என்றாள் லவான்.

அதன்பிறகு உண்மையை எழுத ஒருத்தனும் கூசவில்லை.

அரசுப் பணம் கிடைத்து, அடுத்த கோடையில் குழாய் பதிக்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய சேற்றுத்துணி மூட்டை மூட்டையாக லவானிடம் வந்தது. கையில் காசு புரண்டது. ஒரு சனிக்கிழமை ஆர்லினின் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் பழக்கதோஷத்தில் கையை மூடினான்.

"ஒன்பதாயிரம்னு ஊர் முன்னாடி எழுதிட்ட. இன்னும் என்ன வீம்பு? நீட்டுய்யா கைய."

விரல்கள் மெல்லப் பிரிந்தன. கடைக்கு வந்திருந்தவர்கள் காதிலெல்லாம் விழும்படி, இருபது டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்து, அறுநூற்று நாற்பது வரை எண்ணி முடித்தாள்.