டிரம்முக்குப் பிரிமணை

துணியை வெளுக்கிற வெள்ளைப் பொடி அது. திருபுவனைத் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி அதைத் தயாரித்து, இரும்பு டிரம்மில் அடைத்து, கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். ஒவ்வொரு டிரம்மின் மேலும் தகட்டு அச்சை வைத்து, அது போய்ச் சேரவேண்டிய துறைமுகத்தின் பெயரைக் கறுப்புப் பெயின்டால் அடிப்பது என் வேலை. ராட்டர்டாம் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்த ஊர் எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வந்து போவதே அன்றைக்கு எனக்குப் பெரிய பயணம்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டும் ஒட்டவேண்டும். ஒரு வட்டம், அதன் தலையில் நெருப்பு எரிகிற படம், கீழே ஆங்கிலம். அது இன்னதென்று யாரும் சொன்னதில்லை. கம்பெனி முத்திரை என்றுதான் பேக்கிங் ஷெட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ராட்டர்டாம்காரனுக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதைத் தொட்டுத் தூக்குகிற எங்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

என் அண்ணியும் அதே ஷெட்டில்தான் வேலை செய்தாள். அண்ணன் கம்பெனி லாரி ஓட்டினான். டிரம்களை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் ஹார்பரில் இறக்கிவிட்டு வருவான். வீட்டில் மூன்று பேரும் ஒரே கம்பெனிச் சோறு.

ஒரு நாள் சரக்கு வாங்கியவர்களிடமிருந்து டெலக்ஸ் வந்தது. டிரம்கள் நசுங்கிப்போய் வந்திருக்கின்றன, சிலவற்றில் மூடி நெகிழ்ந்து பொடி சிந்தியிருக்கிறது என்று புகார். கப்பலில் என்ன ஆட்டம் ஆடியதோ, ஹார்பரில் கிரேன் எப்படி இறக்கியதோ, யார் கண்டது? ஆனால் திட்டுவதற்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த ஆள் அண்ணன்தான். மேனேஜர் எங்கள் எல்லோர் எதிரிலும் வைத்துச் சொன்னார்.

"பள்ளம் மேடு பார்க்காம ஓட்டுறே. இன்னொரு வாட்டி நசுங்கிச்சுன்னா வண்டிச் சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டே இரு."

அன்று இரவுச் சோற்றை அண்ணன் பாதியில் வைத்துவிட்டான். அண்ணி அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

"பானைய வெறுந்தரையில வெச்சா ஒடையாம இன்னா பண்ணும்? இரும்பா இருந்தா மட்டும் நோவாதா?"

அண்ணிக்குப் பிறந்த ஊர் செல்லிப்பட்டு. தை அறுப்பு முடிந்து களத்தில் புது வைக்கோல் கிடந்த நேரம். அம்மா வீட்டுக்குப் போய்க் கட்டுக்கட்டாக வாங்கி வந்தாள். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, வளைத்துச் சுற்றி, பானைக்கு அடியில் வைப்போமே பிரிமணை, அதையே டிரம்மின் அகலத்துக்குச் செய்தாள். ஷெட்டில் மற்றப் பெண்களும் கூட உட்கார்ந்தோம். பேச்சும் சிரிப்புமாக வேலை நடந்தது. ஒவ்வொரு டிரம்முக்கும் அடியில் ஒன்று, ஒரு அடுக்குக்கும் மேலடுக்குக்கும் நடுவில் ஒன்று. லாரியில் ஏற்றி முடித்ததும் பார்த்தால், கல்யாண வீட்டில் பானை அடுக்கிய மாதிரி அத்தனை பதமாக இருந்தது. மேனேஜரே வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"உம் பொண்டாட்டிக்குக் கப்பல் கம்பெனிலயே வேலை குடுப்பாங்கபா" என்று கிளீனர் அண்ணனைக் கிண்டல் செய்தான். அண்ணன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். அண்ணியின் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கே மத்தியானத்துக்கு மேல் கெமிஸ்ட் சார் ஷெட்டுப் பக்கம் வந்தார். எப்போதாவதுதான் வருவார், வந்தாலும் மூக்கில் கைக்குட்டை இருக்கும். தரையில் மீந்து கிடந்த வைக்கோலைப் பார்த்தார்.

"இது எதுக்கு இங்கே?"

"டிரம்முக்குப் பிரிமணை சார்" என்றாள் அண்ணி. "லாரி பூரா வெச்சிருக்கோம். ஒண்ணுகூட நசுங்காது பாருங்க."

அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"அந்தப் பொடி வைக்கோல் மேல சிந்தி உரசினாலே போதும்மா. தீக்குச்சியே வேண்டாம், பத்திக்கும்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆபீசிலிருந்து மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார்கள். லாரி வந்து சேரவில்லை என்றார்கள். பின்னாலேயே ஜீப்பை அனுப்பினார்கள். அண்ணி கேட்டில் போய் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

"நா வெச்சது பாப்பா. எங் கையால வெச்சது."

பொழுது சாய்கிற நேரத்தில் போன் வந்தது. திண்டிவனம் தாண்டி லாரி எரிந்துவிட்டது. அண்ணன் உயிருக்கு ஒன்றுமில்லை, கை இரண்டும் வெந்துவிட்டது. கிளீனர் பிறகு எங்களிடம் அழுதுகொண்டே சொன்னான். தார்ப்பாய்க்கு அடியில் புகை வந்ததும் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்கள். இவன் குதித்து ஓடியிருக்கிறான். அண்ணன் மட்டும் மேலே ஏறி, எரிகிற பிரிமணைகளை வெறுங்கையால் பிடுங்கிப் பிடுங்கி எறிந்திருக்கிறான். எரிவது வைக்கோல்தானே, அதை எடுத்துவிட்டால் சரக்குத் தப்பித்துவிடும் என்று நினைத்திருக்கிறான். பொடியே நெருப்புக்குத் தீனி என்று அவனுக்கும்தான் யார் சொன்னார்கள்?

பாண்டிச்சேரிப் பெரியாஸ்பத்திரியில் அண்ணன் படுத்திருந்தபோது மேனேஜரும் இன்னொருவரும் விசாரிக்க வந்தார்கள். வைக்கோலை யார் வைக்கச் சொன்னது என்று கேட்டார்கள். தலையாட்டிவிட்டுப் போன மனுஷன் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர் மாதிரி நின்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"நாந்தான் சார். டிரம்மு ஆடுதுன்னு நாந்தான் வெக்கச் சொன்னேன்."

அத்தோடு அவன் வேலை போனது. அவர்கள் போனபிறகு அண்ணி கட்டிலருகே குனிந்து கேட்டாள்.

"ஏன்யா பொய் சொன்ன?"

"உன் வேலையும் போச்சுன்னா சோத்துக்கு இன்னாடி பண்றது?"

அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. அந்தப் பதில் அண்ணியை உடைத்துவிட்டது. வயிற்றுக்காகச் சொன்னானே தவிர மனசு ஆறவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். என்னிடம் அப்படித்தான் சொல்லி அழுதாள். கேட்டுத் தெளிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகு அவள்தான் ஊட்டினாள், குளிப்பாட்டினாள், விடிந்தால் எழுந்து அதே கம்பெனிக்கு ஓடினாள். அங்கே இப்போது தமிழில் பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருந்தார்கள். வைக்கோல், சாக்கு, மரத்தூள் எதுவும் உள்ளே வரக்கூடாது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அண்ணி தலையைக் குனிந்துகொள்வாள். வீட்டில் இருந்த பிரிமணை அத்தனையையும் அவள் என்றைக்கோ அடுப்பில் போட்டுவிட்டாள். தண்ணீர்ப் பானை வெறுந்தரையில் நின்றது. மொள்ளும்போதெல்லாம் ஆடித் தரையில் இடிக்கும். இடிக்கிற சத்தம் கேட்டதும் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பயமாக இருக்கும்.

மறுபடியும் தை வந்தது. ஒரு சாயங்காலம் அண்ணியும் நானும் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தோம். அண்ணன் கீழே உட்கார்ந்து கால்விரலில் வைக்கோலை மாட்டி, நிமிராத விரல்களால் பிரி முறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று கோணிக்கொண்டு போனது. பலமுறை அவிழ்த்திருப்பான் போல, சுற்றிலும் கூளம் கிடந்தது.

அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? வந்து பானையத் தூக்கு" என்றான் அண்ணன்.

அவள் தூக்கினாள். அவன் அந்தக் கோணல் பிரிமணையை இரண்டு கையாலும் தள்ளி அடியில் வைத்தான். அண்ணி பானையை அதன்மேல் இறக்கினாள். ஆடவில்லை.